மலை வேட்டைக்குப் பூட்ஸ் வாங்கப் போகிறீர்களா? நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிறைஸ்ட்சர்ச்சுக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், கூட வேலை பார்க்கும் ஒருவர் வரையாடு வேட்டைக்குக் கூப்பிட்டார். துப்பாக்கி அவருடையது, கூடாரம் அவருடையது, நான் கொண்டு போக வேண்டியது துணியும் பூட்ஸும்தான். கடையில் தள்ளுபடியில் கிடந்த இலகுவான நடைப் பூட்ஸ் ஒன்றை 280 டாலருக்கு வாங்கிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் இறைச்சியைச் சுமந்துகொண்டு கிட்டத்தட்ட 900 மீட்டர் இறங்கினோம். கீழே ஆற்றங்கரைக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. ஒன்று இரண்டு மாதத்தில் விழுந்தே போனது.

அதற்குப் பிறகு இன்னொரு ஜோடி வாங்கி அதுவும் தவறாகிப் போய், மூன்றாவது ஜோடியில்தான் சரியாக அமைந்தது. முதல் இரண்டுக்கும் போன 800 டாலரும், அந்த நகமும், பாதியில் திரும்பி வந்த ஒரு பயணமும் உங்களுக்கு நேரக்கூடாது. எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

முதலில் ஒன்று. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டை குற்றம், நம் நீலகிரி வரையாட்டுக்கு அந்தச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்பு இருக்கிறது. இங்கே நான் சொல்வது இமாலய வரையாடு. இங்குள்ளவர்கள் ‘டார்’ என்பார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட விலங்கு, அதைத் தின்னும் விலங்கு இங்கே எதுவும் இல்லை, உயர்மலைச் செடிகளை மொட்டையடித்துவிடும். அதனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று அரசே விரும்புகிறது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலங்களில் திறந்த பகுதிகளுக்கான வேட்டை அனுமதியை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். துப்பாக்கி உரிமம் தனி விஷயம், அதற்குள் இப்போது போகவில்லை.

1. எங்கே நடக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான், பதில் தெரியாமல் போனால் அவர் கையில் இருப்பதைத்தான் வாங்கி வருவீர்கள். காட்டுக்குள், மரங்களுக்கு நடுவே சிவப்பு மான் தேடிப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் வளையும் பூட்ஸ் நல்லது. வேரும் சேறும் ஓடையுமாக இருக்கும், சத்தமில்லாமல் கால் வைக்க வேண்டும். அதே நீங்கள் தெற்கு ஆல்ப்ஸின் மேல்பகுதிக்கு, வரையாட்டுக்கோ ஷமிக்கோ (ஆடு போன்ற இன்னொரு மலைவிலங்கு) போகிறீர்கள் என்றால் கதையே வேறு. அங்கே பாதை என்று ஒன்று கிடையாது. ஈரமான புல்சரிவு, கால் வைத்தால் மொத்தமாகச் சரியும் சரளை, பாறை விளிம்பு. பாதி நேரம் மலையை ஏறுவதோ இறங்குவதோ இல்லை, குறுக்காக வெட்டி நடப்பீர்கள். அப்படி நடக்கும்போது பூட்ஸின் ஒரு பக்க விளிம்பு மட்டும்தான் மண்ணில் பதியும். வளையும் பூட்ஸ் அந்த இடத்தில் மடங்கிப்போகும், பாதம் உள்ளே சறுக்கும், கெண்டைக்கால் ஒரு மணி நேரத்தில் தீயாய் எரியும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கையில் முன்நுனி, மறு கையில் குதி, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுகினால் மேல்மலைக்கு ஆகாது. அப்புறம் நுனியை மேலே மடக்குங்கள். விரல் பகுதியில் சிரமப்பட்டுக் கொஞ்சம் மட்டும் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் வளையவே கூடாது. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டம்) மாட்டி நடப்பீர்கள் என்றால் பி1 அல்லது பி2 என்று குறித்த பூட்ஸாகப் பாருங்கள், எண் கூடக் கூட விறைப்பு கூடும். பி2 பூட்ஸில் குதியின் பின்பக்கம் கிராம்பானின் கொக்கி உட்காரும் ஒரு விளிம்பு இருக்கும். பி3 மலையேறிகளுக்கானது, அதில் நாள் முழுக்க நடந்தால் மரக்கட்டையில் நடப்பதுபோல் இருக்கும், வேண்டாம்.

2. பாதத்தை அளந்துகொண்டு போங்கள்

மாலையில் அளங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் காலையில் இருப்பதைவிடச் சற்றுப் பெருத்திருக்கும், மலையில் இன்னும் பெருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். நீளத்தையும், விரல்கள் தொடங்கும் இடத்தில் அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்காது, பெரிய பாதம்தான் கணக்கு.

இங்கே நம்மவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் வெறுங்காலிலும் செருப்பிலும் ஓடி வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலமாக விரிந்திருக்கும், பெருவிரல் தனியாக ஒதுங்கி நிற்கும். என் பாதம் அப்படித்தான், என் அப்பாவுக்கும் அப்படித்தான். ஐரோப்பிய மலைப் பூட்ஸ் பலவற்றின் வார்ப்பு, அதாவது பூட்ஸுக்கு வடிவம் தரும் பாத அச்சு, முன்பக்கம் ஒடுக்கமானது. போட்டதும் சுண்டுவிரல் நசுங்கும். உடனே என்ன செய்வோம்? ஒரு அளவு பெரிதாக எடுப்போம். என் இரண்டாவது தவறு அதுதான். நீளம் கூடியதால் அகலம் கொஞ்சம் கிடைத்தது, ஆனால் குதிகால் உள்ளே தூக்க ஆரம்பித்தது, பூட்ஸ் வளையும் இடமும் என் பாதம் வளையும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. முதல் நாள் மதியத்துக்குள் இரண்டு குதியிலும் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். மறுநாள் காலையிலேயே திரும்பிவிட்டோம்.

அகலம் போதவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், அகலமான வார்ப்பைக் கேளுங்கள். ஹான்வாக், லோவா, மைண்டில் ஆகியவை சில மாடல்களை அகல வடிவிலும் தருகின்றன. கடையில் அது கண்ணில் படாமல் போகலாம், வாய்விட்டுக் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

அளவு எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய எண் ஒன்று கூடினால் நீளம் சுமார் 6.7 மில்லிமீட்டர் கூடும், பிரிட்டிஷ் எண் ஒன்று கூடினால் சுமார் 8.5 மில்லிமீட்டர். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பட்டியல்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஊரில் நீங்கள் போட்ட ஷூவின் எண்ணை வைத்து மலைப் பூட்ஸ் ஆர்டர் செய்யவே கூடாது.

3. கடையில் அரை மணி நேரமாவது செலவிடுங்கள்

வார நாளில், மாலை நேரத்தில் போங்கள். சனிக்கிழமை மதியம் போனால் ஊழியருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. மலையில் போடப்போகும் அதே தடித்த கம்பளிக் காலுறையைக் கொண்டு போங்கள், கடையில் தரும் மெல்லிய காலுறையில் போட்டுப் பார்ப்பதில் பலன் இல்லை.

முதலில் பூட்ஸின் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த வார்ப்பு உங்களுக்கு இல்லை. பெருவிரலுக்கு முன்னால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அடுத்து லேஸ் கட்டாமல் பாதத்தை உள்ளே விட்டு, விரல்கள் முன்பக்கம் முட்டும்வரை தள்ளுங்கள். குதிக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் பெரிது, ஒன்றும் நுழையவில்லை என்றால் இறக்கத்தில் நகம் போய்விடும்.

இப்போது லேஸைக் கட்டுங்கள். நின்ற இடத்தில் குதியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே குதிகால் சில மில்லிமீட்டர் அசைந்தால் பரவாயில்லை, புதுத் தோல் பழகப் பழக அது குறையும். அதற்கு மேல் அசைந்தால் விட்டுவிடுங்கள்.

நல்ல கடைகளில் சாய்வான பலகை ஒன்று வைத்திருப்பார்கள். நான் மூன்றாவது ஜோடி வாங்கிய கடையில் ஒரு பெண்மணி என்னை அதில் ஏறச் சொல்லவில்லை, இறங்கத்தான் சொன்னார். அதுவும் சும்மா இல்லை, ஒரு பையில் மணல் மூட்டை வைத்து 20 கிலோவை என் முதுகில் மாட்டிவிட்டு, கீழே பார்த்து நின்று குதிக்கச் சொன்னார். நான்கைந்து தடவை தொம் தொம்மென்று குதித்தேன். விரல் முன்னால் முட்டுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். அன்று போட்டுப் பார்த்ததில் நான்காவது ஜோடியில்தான் முட்டவில்லை. அதற்கு முன் போட்ட மூன்றுமே சமதளத்தில் அருமையாக இருந்தவை.

ஏறும்போது எல்லாப் பூட்ஸும் நன்றாகத்தான் இருக்கும். வேட்டையில் போகும்போது வெறும் பையோடு ஏறுவீர்கள், வரும்போது இறைச்சியும் தோலும் கொம்பும் சேர்ந்து 30 கிலோவோடு இறங்குவீர்கள். அந்த இறக்கத்துக்குத்தான் பூட்ஸ் வாங்குகிறீர்கள். கடையில் சாய்பலகை இல்லை என்றால் படிக்கட்டைக் காட்டச் சொல்லுங்கள், பையில் ஏதாவது கனமாகப் போட்டு இறங்குங்கள். கூச்சப்படாதீர்கள்.

பொருந்திவிட்டது என்று தோன்றியதும் கழற்றாதீர்கள். 20 நிமிடம் கடைக்குள் சுற்றுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாத அழுத்தம் பதினைந்தாவது நிமிடத்தில் தெரியும். புறங்கணுக்கால் எலும்பையும் சுண்டுவிரலின் அடிமூட்டையும் கவனியுங்கள். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் இளகும், ஆனால் அடியில் இருக்கும் வார்ப்பின் வடிவம் மாறாது.

4. எதையெல்லாம் பார்த்து எடுக்க வேண்டும்

மேல்தோல்: தடித்த முழுத்தோல், 2.4 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ. தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, சரளையில் முதலில் அறுவது தையல்தான். துணியும் தோலும் கலந்து தைத்த பூட்ஸ் இலகுவாக இருக்கும், ஆனால் ஈட்டிப்புல் என்று ஒரு செடி அங்கே உண்டு, அதன் நுனி துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும்.

சுற்றுப்பட்டை: அடியைச் சுற்றி ரப்பர் பட்டை முழுவதுமாக ஓட வேண்டும். பாறையில் உரசுவதை அதுதான் தாங்கும்.

உயரம்: கணுக்காலுக்கு மேலே நன்றாக ஏறி நிற்க வேண்டும். 20 சென்டிமீட்டரை ஒட்டிய உயரம் எனக்குச் சரியாக இருக்கிறது.

உள்ளே கோர்டெக்ஸ் (தண்ணீர் புகாத உள்ளுறை) வேண்டுமா என்பது எல்லோரும் கேட்பது. பனியிலும் ஈரப் புல்லிலும் அது உதவுகிறது, நான் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் கான்டர்பரிப் பள்ளத்தாக்குகளில் ஒரே நாளில் பத்துத் தடவை ஆற்றைக் கடக்க வேண்டி வரும், தண்ணீர் மேல்பக்கமாகவே உள்ளே வந்துவிடும், வந்தது வெளியே போகாது, இரவு முழுக்கக் காயாது. ஆறு அதிகம் உள்ள இடம் என்றால் உள்ளுறை இல்லாத முழுத்தோல் பூட்ஸ் சீக்கிரம் காயும். இரண்டில் எது என்பது நீங்கள் போகும் பள்ளத்தாக்கைப் பொறுத்தது.

5. செலவும் நேரமும்

உண்மையான மேல்மலைப் பூட்ஸ் இங்கே பெரும்பாலும் 500 முதல் 900 நியூசிலாந்து டாலர் வரை போகிறது. என்னுடையது 780. அதோடு முடியவில்லை. நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி 80, இன்சோல் 70, முழங்காலுக்குக் கீழே கட்டும் கெய்ட்டர் 120, மெழுகு 20. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பணம் போதவில்லை என்றால் மேல்சட்டையிலும் பையிலும் மிச்சம் பிடியுங்கள், பூட்ஸில் பிடிக்காதீர்கள். வாங்கும்போதே சோல் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். நான் விசாரித்தபோது 200 டாலரை ஒட்டிச் சொன்னார்கள், மேல்தோல் நன்றாக இருந்தால் அது புது ஜோடியைவிட எவ்வளவோ மேல்.

பழைய பூட்ஸ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். ‘இரண்டே தடவை போட்டது, பத்து வருடமாக அலமாரியில் புதிதுபோல் இருக்கிறது’ என்று போட்டிருப்பார்கள். அதைத்தான் வாங்கக்கூடாது. சோலுக்கு மேலே இருக்கும் மெத்தென்ற நடுஅடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன், அது போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, மலையில் ஒரு நாள் சோல் மொத்தமாகக் கழன்று கையில் வரும். கட்டைவிரல் நகத்தால் அந்த அடுக்கை அழுத்திப் பாருங்கள், வெடிப்பு விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் வாங்கும் புது ஜோடியிலும், பல வருடம் கிடங்கில் கிடந்ததா என்று நாக்கின் உள்பக்கத்துத் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது நல்லது.

நேரம்: சிவப்பு மான் கத்தும் காலம் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை. வரையாடு இணைசேரும் காலம் மே முதல் ஜூலை. இதற்கு நீங்கள் ஜனவரியிலேயே வாங்கிவிட வேண்டும். மார்ச் மாதம் போனால் நடுத்தர அளவுகள் எல்லாம் தீர்ந்திருக்கும், பழக்கவும் நாள் இருக்காது.

6. ரசீது, உத்தரவாதம்

ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். வீட்டில் முதல் சில நாள் கம்பளத்தின்மேல் மட்டும் போட்டு நடங்கள். வெளியே மண்ணில் கால் வைத்துவிட்டால் பெரும்பாலான கடைகள் அளவு மாற்றித் தராது. மாற்றித் தர எத்தனை நாள் தவணை என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

பொருள் பழுதானால், பெட்டியில் ‘ஓராண்டு உத்தரவாதம்’ என்று இருந்தாலும் அதோடு உங்கள் உரிமை முடிந்துவிடாது. 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும், உழைக்கவில்லை என்றால் விற்ற கடைதான் பழுது பார்த்தோ மாற்றியோ பணத்தைத் திருப்பியோ தர வேண்டும். தயாரித்த கம்பெனிக்கு எழுதுங்கள் என்று கடை கைகழுவ முடியாது. ஆனால் தனிநபரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினாலும் நடைமுறையில் மல்லுக்கட்ட வேண்டிவரும், 15 சதவீத வரியும் சேரும், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில். முதல் ஜோடியையாவது நேரில் வாங்குங்கள்.

7. பழக்குங்கள்

புதுப் பூட்ஸோடு நேராக மலைக்குப் போகாதீர்கள். முதல் வாரம் வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம். அடுத்த இரண்டு வாரம் தெருவிலும் பூங்காவிலும். அப்புறம் சரிவு. கிறைஸ்ட்சர்ச்சில் இருப்பவர்களுக்கு போர்ட் ஹில்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, ராப்பாக்கிப் பாதையில் ஏறி இறங்கலாம். பையில் தண்ணீர் கேன்களை நிரப்பிக் கொண்டு போங்கள். முதல் சில தடவை மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குங்கள், முட்டி பிழைக்கும். கடைசி இரண்டு தடவை கொட்டாமல் இறங்குங்கள், அதுதான் உங்கள் பூட்ஸுக்குப் பரீட்சை. மொத்தம் 60, 70 கிலோமீட்டராவது நடந்த பிறகே நீண்ட பயணத்துக்கு எடுங்கள்.

8. மலையில்

லேஸ் ஒரே இறுக்கத்தில் நாள் முழுக்க இருக்கக்கூடாது. ஏறும்போது மேல் ஊக்குகளைச் சற்றுத் தளர்த்துங்கள். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதியைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வைத்து, கணுக்கால் மடங்கும் இடத்தில் லேஸை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, அதன் மேல் மிச்சத்தைக் கட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. சோம்பல்பட்டு விட்டால் நகம் போகும்.

எங்காவது சுடுவதுபோல் ஒரு சின்ன உணர்வு வந்தால் அங்கேயே நின்று ஒட்டுப்பட்டை போடுங்கள், கூட வருபவர் காத்திருப்பார். உச்சிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் உச்சியில் கொப்புளம்தான் இருக்கும்.

குடிலில் இரவு தங்கும்போது ஈரப் பூட்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் தோல் வெடிக்கும், பசை விடும். இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

9. வீட்டுக்கு வந்ததும்

தூரிகையால் மண்ணைத் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே மெழுகு தடவுங்கள். ஓர் ஆற்றில் போட்டதை அடுத்த ஆற்றுக்குக் கொண்டு போகும் முன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும், தெற்குத் தீவின் ஆறுகளில் பரவும் டிடிமோ என்ற பாசி ஒரு சொட்டு ஈரத்திலேயே தொற்றிக்கொண்டு போகும்.

கடைசியாக, ஊருக்கு விடுமுறையில் போகும்போது இதே பூட்ஸை வெள்ளியங்கிரிக்கோ குமாரபர்வதத்துக்கோ எடுத்துப் போவீர்கள். திரும்பி வரும்போது பயணி அறிவிப்பில், வெளிப்புற நடைக்குப் பயன்படுத்திய காலணி இருக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாமல் பிடிபட்டால் 400 டாலர் அபராதம். கிளம்பும் முன் சோலின் பள்ளங்களில் இருக்கும் மண்ணையும் விதையையும் பழைய பல்துலக்கியால் குடைந்து எடுத்துவிடுங்கள். பூட்ஸைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் மேலாக ஒரு பையில் வைத்துக்கொண்டால், அதிகாரி கேட்டதும் எடுத்து நீட்டலாம். போன வருடம் என் பூட்ஸின் சோலைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.